வெயில் பாதி, மழை பாதி

ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எதை வாங்க என் கடைக்கு வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். மேகம் கூடும் முன்னாலேயே தார் ஷீட்டும் குழாய் வளையமும் வாங்கிப் போகிறவன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். மழை கொட்டும்போது தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, "அக்கா, ஒழுகுது, எதையாவது குடுங்க" என்று நிற்கிறவன் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆணியும் பெயிண்டும் சிமெண்டும் விற்கிற கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் சேர்த்த ஞானம் இவ்வளவுதான்.

எதிர்வீட்டு அண்ணன் தம்பிக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்கள் சுத்தியல் வாங்கினால், இது சுவரில் இறங்குமா, மண்டையில் இறங்குமா என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பேன். மூத்தவன் வெல்டர். இளையவன் வேன் ஓட்டுகிறவன். தெருவில் அவர்களுக்குப் பெரியவன், சின்னவன் என்றுதான் பேர். இருவருக்கும் கீழே ஒரு தங்கை. கட்டினவனோடு சரிப்பட்டு வராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, மெஷின் போட்டுத் துணி தைத்துப் பிழைக்கிறவள்.

வீடு அப்பன் விட்டுப்போனது. தெருவைப் பார்த்து வரிசையாக மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அடுப்படி. இடப்பக்கம் பெரியவன் குடும்பம், வலப்பக்கம் சின்னவன் குடும்பம், நடுவில் தங்கை. மூன்றுக்கும் மேலே ஒரே மொட்டை மாடி. மர உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, செங்கல் பாவி, சுண்ணாம்பு போட்டு இடித்த பழைய காலத்துத் தளம். மாடியில் விழுகிற தண்ணீரெல்லாம் நடுவை நோக்கிச் சரிந்து வந்து, தங்கையின் அடுப்படிக்கு மேலே கைப்பிடிச் சுவரில் இருக்கும் ஒரே ஒரு ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அப்பன் சாகும்போது, "வீட்டப் பாத்துக்குங்கடா" என்றானாம். யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எந்த வீட்டுக்கும் பருவத்துக்கு ஒரு வேலை உண்டு. மழை விட்டதும் பாசியைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும். குளிரில் கதவும் ஜன்னலும் சுருங்கி வெடிக்கும், எண்ணெய் காட்ட வேண்டும். வெயில் ஏறினால் உத்திரத்தில் கரையான் பார்க்க வேண்டும், தளத்து வெடிப்பை அடைக்க வேண்டும். அந்த வீட்டில் இவற்றோடு பருவத்துக்கு ஓர் அடிதடியும் உண்டு.

ஒரு வருஷம் மழை விட்ட சமயம், சின்னவன் வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். பெரியவன் பல் விளக்கியபடியே வந்து நின்றான்.

"உன் பக்கம் மட்டும் வெள்ளையா இருந்தா போதுமாடா? நடுவுல தங்கச்சி சுவத்த யாரு, உன் அப்பனா வந்து அடிப்பான்?"

"என் அப்பன்தான் செத்துட்டானே. உன் அப்பன வந்து அடிக்கச் சொல்லு."

இருவருக்கும் ஒரே அப்பன் என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே மறந்துவிட்டது. பெரியவன் வாளியை எட்டி உதைத்தான். சின்னவன் கையிலிருந்த வெள்ளையடிக்கிற மட்டையை விசிறினான். சுண்ணாம்பு நேராக அண்ணன் கண்ணில் போய் விழுந்தது. ஐயோ, அந்த அலறல்! நான் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் தங்கை வந்துவிட்டாள். அண்ணனைக் குழாயடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள், ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் வலி பொறுக்காமல் அவளையே கடித்தான். அந்தக் கண் பிழைத்தது அவளால்தான் என்று டாக்டரே சொன்னாராம்.

அடுத்த வெயிலில் பெரியவன் பதிலுக்குப் பதில் கொடுத்தான். சின்னவன் ஏணி மேல் நின்று ஜன்னல் ஷேடில் வெடிப்பைப் பூசிக்கொண்டிருந்தபோது ஏணியின் காலை உதைத்தான். தங்கை பாய்ந்து பிடித்தாள். சின்னவன் தப்பித்தான், ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் விரல் நசுங்கி நகம் பெயர்ந்தது. மறுநாள் கட்டுப் போட்ட விரலோடு அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி குறுக்க போற? எவனோ விழட்டும். உனக்கென்ன?" என்று கேட்டேன்.

"அக்கா, விழுந்தா ஆஸ்பத்திரிக்கு யாரு சோறு கொண்டுபோறது? நான்தானே?"

சண்டையே வேண்டாம் என்று ஒரு தடவை அவளே மாடிக்குப் போய், ஓட்டையில் சேர்ந்திருந்த சருகை அள்ளிப் போட்டாள். அதற்கும் அடிதான். "ஆம்பளைங்க ரெண்டு பேர் இருக்க, பொட்டச்சிய ஏத்தி வேல வாங்குறானுங்கன்னு தெரு சிரிக்கணுமா?" என்று பெரியவன் அறைந்தான். "அவன் வேலைய நீ செஞ்சு குடுக்கிறியா? அவன் பக்கமா நீ?" என்று சின்னவன் மயிரைப் பிடித்து இழுத்தான். அவளை அடிக்கிற விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை வந்துவிடும்.

குளிர் முடிகிற சமயத்தில் ஒருநாள் மெஷினுக்கு எண்ணெய் வாங்க வந்தாள். கடையில் கூட்டமில்லை. டீயும் ரொட்டியும் வரவழைத்தேன். ரொட்டியைப் பிய்த்து டீயில் முக்கினாளே ஒழிய வாயில் போடவில்லை.

"அக்கா, நீங்க எல்லார் வீட்டு வேலையும் பாக்குறவங்க. வருஷத்த ரெண்டா வகுந்துட்டா என்ன?"

"எதுக்குடி வகுக்கணும்?"

"யாரு செய்யிறதுங்கிறதுதானே சண்ட? வெயில் பாதி பெரியண்ணன், மழைப் பாதி சின்னண்ணன். குளிர் போனதுலேருந்து மேகம் கூடுற வரைக்கும் என்ன வேலை வந்தாலும் பெரியண்ணன். கரையான், தள வெடிப்பு, தண்ணி கட்டிப் பாக்குறது, எல்லாம். மேகம் கூடினதும் சின்னண்ணன். குழாய், கூரை, அப்புறம் பாசி, வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னல். ஒருத்தன் செய்யிறப்ப இன்னொருத்தன் அந்தப் பக்கமே வரக் கூடாது."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்குவானுங்களா?"

"நான் சொன்னா ஒத குடுப்பானுங்க. நீங்க சொல்லுங்கக்கா." டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு அந்த ஒரு ரூம்புதான்க்கா. ரெண்டு மெஷின நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? இவனுங்க அடிச்சுக்கிற அடியில ஒருநாள் கூரை என் தலையில எறங்கிடும்னு பயமா இருக்கு. படுத்தா மேலயே பாத்துட்டுக் கெடக்கேன்."

மறுநாளே இருவரையும் கடைக்குக் கூப்பிட்டேன். நடுவில் கல்லா இருந்தது நல்லதாகப் போயிற்று.

"மழைப் பாதியில வேலை ஜாஸ்தி. இவன் அண்ணன்னு எனக்கே தள்ளிவிடப் பாக்குறீங்களா?" என்றான் சின்னவன்.

"வெயில்ல நீ மாடியில நின்னு பாருடா, மூள உருகும். இருந்தாத்தானே உருகும்!"

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா, இல்ல எம் பொருளுக்கு வேற கடையப் பாக்குறீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டேன். இந்தத் தெருவில் கடனுக்குச் சிமெண்ட் தருகிற கடை வேறு இல்லை. அடங்கினார்கள். வெயில் பாதி, மழை பாதி என்று முடிவாயிற்று. தங்கை சுவரோரமாக நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநாளைக்கு அப்புறம் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

நம்ப மாட்டீர்கள், அந்த வெயில் முழுக்க எதிர்வீட்டில் ஒரு சத்தமில்லை. பெரியவன் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தான். நடு உத்திரத்தின் ஒரு முனையில் கரையான் ஏறியிருந்தது. மருந்து வாங்கிப் போய் அடித்தான். தளத்து வெடிப்புகளைக் கீறி அடைத்தான். அப்புறம் தண்ணீர் கட்டினான். வேலை செய்யத் தெரிந்தவன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

தண்ணீர் கட்டுவது என்றால், மாடி ஓட்டையைச் சாக்குத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, தளம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் விடுவது. இரண்டு நாள் நிற்க வேண்டும். கீழே எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே கரியால் வட்டம் போட்டுக்கொண்டு, தண்ணீர் வற்றினதும் மேலே அந்த இடத்தைப் பூசுவார்கள். பெரியவன் வெல்டர் இல்லையா, எதையும் இனிப் பிரியவே கூடாது என்கிற மாதிரிதான் செய்வான். களிமண்ணுக்கு மேலே சிமெண்டையும் குழைத்து அப்பிவிட்டான். அடைப்பு கல்லாக இறுகிவிட்டது. தண்ணீரை வாளியால் மொண்டு கொட்டிவிட்டு, கசிவெல்லாம் பூசி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு என் கடைக்கு வந்து, "அக்கா, என் பாதி முடிஞ்சுது. இனிமே மாடிப் பக்கம் நான் தல வெச்சும் படுக்க மாட்டேன்" என்றான்.

அந்த வாரமே மேகம் கூடிவிட்டது. தங்கை பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, ஓட்ட அடைச்சபடியே இருக்கு! பெரியண்ணன் தொறக்க மாட்டேங்குது."

நான் போய்க் கேட்டேன். பெரியவன் வாசலில் உட்கார்ந்து வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடைக்கிறது வெயில் வேல, செஞ்சுட்டேன். தண்ணி போறது மழை வேல. சின்னவனக் கேளுங்க."

சின்னவன் வேனுக்கு அடியில் படுத்திருந்தான். தலையை நீட்டாமலே பதில் சொன்னான். "அடைச்சவன் தொறக்கட்டும்க்கா. பீ பேண்டவன் கழுவ வேணாமா? அவன் மிச்சம் வெச்ச வேலைய நான் செஞ்சா, நாளைக்கு எல்லாத்தையும் மிச்சம் வெப்பான்."

"அட கிறுக்குப் பயலுகளா! ஒரு கடப்பாரை எடுத்து ரெண்டு குத்து குத்துனா முடிஞ்சுது. நானே போய்க் குத்துறேன்" என்றேன்.

பெரியவன் எழுந்து வந்து மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றான். "வெளியாளுக்கு இதுல என்ன வேலை? சின்னவனத் தவிர வேற எவ கை வெச்சாலும் இந்த வீட்டுல பொணம் விழும். இவளும் சேத்துத்தான்." தங்கையைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டோம்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அது. அவள் அறையில் சீருடைத் துணி உத்திரம் வரைக்கும் அடுக்கியிருந்தது. வெட்டுவதும் தைப்பதுமாக இருந்தாள். நடுநடுவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். முதல் இரண்டு நாள் தூறல்தான். மாடியில் தேங்கியது. மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்தே வெளுத்து வாங்கியது. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. எல்லா வீட்டுக் குழாயும் குபுகுபுவென்று கொட்டியது, எதிர்வீட்டுக் குழாயைத் தவிர.

முற்பகலில் சின்னவன் பெண்டாட்டி போட்ட கூச்சல்தான் முதலில் கேட்டது. அவர்கள் அறையில் கட்டைக்குக் கட்டை தண்ணீர் சொட்டுகிறதாம், கைக்குழந்தையின் தொட்டில் நனைகிறதாம். "போய் அந்த எழவ தொறந்து தொலையேன்யா!" என்று கத்தினாள். சின்னவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். அப்பாடா, புத்தி வந்தது என்று நினைத்தேன்.

அவன் ஓட்டைப் பக்கமே போகவில்லை. பெரியவன் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைக் குத்த ஆரம்பித்தான். அங்கே உடைத்தால் மொத்தத் தண்ணீரும் பெரியவனுடைய தகரக் கொட்டகை மேலே இறங்கும். வெல்டிங் மெஷின் இருப்பது அந்தக் கொட்டகையில்தான்.

"டேய்!" என்று ஒரு சத்தம். பெரியவன் படியில் தாவி ஏறுவதைப் பார்த்தேன். பின்னாலேயே தங்கை. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, தெருத் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினேன்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மாடி குளமாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். சின்னவன் அண்ணனின் காதைக் கடித்துத் துப்பினான். பெரியவன் முட்டியால் அவன் விலாவில் இடித்தான். சட்டைகள் கிழிந்து தொங்கின, தண்ணீர் சிவந்தது. "விடுங்கண்ணே, விடுங்கண்ணே" என்று தங்கை சுற்றிச் சுற்றி வந்தாள். யாரோ ஒருவன் முழங்கை அவள் வாயில் பட்டது.

அப்புறம் பெரியவன் கை ஓங்கியது. சின்னவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் மண்டியிட்டு, பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான். மொட்டை மாடியில் ஒருவன் முங்கிச் சாவான் என்று யாராவது சொன்னால் நான் சிரித்திருப்பேன். சின்னவன் கால்கள் தண்ணீரை அடித்தன. கைகள் தளத்தைப் பிறாண்டின. நான் பெரியவன் மயிரைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கால் அடிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

"செத்துடுவான்ணே! செத்துடுவான்!"

பெரியவனுக்குக் காது கேட்கவில்லை. தங்கை குனிந்து, தண்ணீருக்குள் துழாவிக் கடப்பாரையை எடுத்தாள். இரண்டு கையாலும் ஓங்கி, சின்னவனின் பிடரியைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அந்த மழையிலும் எனக்குக் கேட்டது.

பெரியவன் ஊளையிட்டபடி மல்லாந்தான். நான் சின்னவனைப் புரட்டித் தூக்கினேன். வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. இருமினான், வாந்தி எடுத்தான், மூச்சு விட்டான். பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தான். பெரியவனின் முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. சின்னவன் தள்ளாடி எழுந்தான். தங்கை கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தான்.

"அடிப்பாவி... எங்க அண்ணன் கைய ஒடிச்சிட்டியேடி! வேல செஞ்சு பொழைக்கிற கையாச்சேடி!"

பளாரென்று அறைந்தான். நான் தடுப்பதற்குள் இன்னொன்று. அவள் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கடப்பாரையை மட்டும் விடவில்லை.

"எந்திரிண்ணே, எந்திரி. வண்டி இருக்கு, போயிடலாம்" என்று சின்னவன் பெரியவனைத் தோளில் தாங்கிக்கொண்டான். "மெதுவாடா, வலிக்குதுடா" என்று அழுதுகொண்டே பெரியவன் அவன் மேல் சாய்ந்துகொண்டான். இப்படி ஒட்டிக்கொண்டு போகிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படியிறங்கும்போது பெரியவன் திரும்பி, "வந்து உன்ன வெச்சுக்கிறேன்டி" என்றான். வேன் கிளம்பிப் போனது.

மாடியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் எழுந்து, தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டு ஓட்டைக்கு எதிரே போனாள். அந்தக் கல் அடைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

"குத்துடி! ரெண்டே குத்து!" என்று கத்தினேன்.

அவள் குத்தவில்லை. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். காலுக்கு அடியில், தளத்துக்குள்ளிருந்து ஏதோ முனகியது.

"எங்கிட்ட குடுடி, நான் குத்துறேன்" என்று நெருங்கினேன்.

"வேணாம்க்கா. உத்திரம் பேசுது. எறங்குங்க." என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினாள். கடப்பாரையைப் படியோரம் சாய்த்து வைத்தாள். "பெரியண்ணி! சின்னண்ணி! புள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க, வாங்க!" அவள் குரலில் அப்படி ஓர் அதட்டல் இருந்ததை நான் அறிந்ததில்லை. அண்ணிகள் இருவரும் பிள்ளைகளோடு வந்து என் கடை வாசலில் நின்றார்கள். அப்புறம் நானும் அவளும் உள்ளே போய் ஒரு மெஷினைத் தூக்கி வந்தோம். இரண்டாவதை அவள் தனியாகவே வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தாள். மூன்றாம் நடைக்குச் சீருடை மூட்டை.

அவள் மூட்டையை என் கல்லா மேல் வைத்தபோது நடு அறைக் கூரை இறங்கியது. இறங்கிய உத்திரம் இருபக்கச் சுவரையும் இழுத்துக்கொண்டது. முதலில் சின்னவன் பக்கம், அப்புறம் பெரியவன் பக்கம். மழையானதால் புழுதிகூடக் கிளம்பவில்லை. அண்ணிகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

மழை வெறித்த பிற்பகலில் வேன் திரும்பி வந்தது. பெரியவன் கையில் மாவுக்கட்டு, காதில் பஞ்சுக்கட்டு. இருவரும் இறங்கி, வீடு இருந்த இடத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். பிள்ளைகளைக் கண்டதும் ஓடிப்போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் சின்னவன் சொன்னான்.

"அடைச்சவன் தொறந்திருந்தா இது நடக்குமா?"

"மேகம் கூடினப்புறம் யாரு முறடா அது? யாரு முற?" பெரியவன் மாவுக்கட்டையே ஓங்கினான். செங்கல் குவியல் முன்னால் இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கடையின் பின்கட்டில், பெயிண்ட் டப்பாக்களை ஒதுக்கி மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நனைந்த துணியைப் பிரித்துக் கொடியில் போட்டு, காய்ந்த துணியைத் தைக்க எடுத்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"நான் கத்தினப்பவே குத்தியிருந்தா தண்ணி வடிஞ்சிருக்குமேடி. வீடு நின்னுருக்குமே?"

"நின்னுருக்கும்க்கா."

"அப்புறம் ஏண்டி?"

அவள் மெஷினை நிறுத்தினாள். வீங்கிய கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அவன் அறைஞ்ச எடம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இது கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் குத்துவோம்னுதான் நின்னேன்க்கா. அடங்கல."